கூவம் கரைப் பாடசாலைகள்

சென்னை ஸென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலில் ஏறுகிறவர்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஆவடியிலும் பட்டாபிராமிலும் இறங்கி வேலைக்கு விரையும் உத்தியோகஸ்தர்கள் ஒரு வகை. திருவள்ளூரில் இறங்கி வீரராகவப் பெருமாளைச் சேவிக்கவோ, திருவாலங்காட்டில் இறங்கி இரத்தின சபையைத் தரிசிக்கவோ செல்லும் பக்தர்கள் மற்றொரு வகை. இவ்விரு க்ஷேத்திரங்களுக்கும் நடுவே கடம்பத்தூர் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அங்கே இறங்குவதற்கு அதிகமான காரணம் கிடையாது. ஆகவே, நாம் இறங்கியதும் டீக்கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "யார் வீட்டுக்குங்க?" என்று விசாரித்தது நியாயந்தான்.

"யார் வீட்டுக்கும் இல்லை. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்க்க வந்திருக்கிறோம்" என்றோம்.

"அப்படின்னா ஆபீஸருங்களா?" என்று அவர் உடனே டம்ளரை இன்னொரு முறை கழுவினார். பாடசாலையைப் பார்க்க வருகிறவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஜனங்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை அந்த டம்ளரே சொல்லிற்று. பாடசாலை நம்முடையது, அதை நாமே போய்ப் பார்க்கலாம், அதைப் பற்றி நாமே கூடி யோசிக்கலாம் என்ற எண்ணம் இன்னும் எங்கும் வேரூன்றிவிடவில்லை. ஆனால் அந்த எண்ணத்துக்கு முதல் விதை விழுந்த ஊர்களில் ஒன்று இதே கடம்பத்தூர்தான். நாம் அங்கே இறங்கியதற்குக் காரணமும் அதுவே.

பந்தலில் கூடிய பள்ளிகள்

1954-ஆம் வருஷத்தில் ஸ்ரீ காமராஜ் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக் கல்வி டைரக்டராகப் பொறுப்பேற்றதும் அந்த வருஷத்தில்தான். அன்றைய பாடசாலைகளின் நிலை நேயர்களில் முதியவர்களுக்கு நினைவிருக்கும். ஓலைக் கூரை; அதில் பாதி காற்றோடு போயிருக்கும். ஒரு கரும்பலகை, அதன் கறுப்பு என்றோ வெளுத்திருக்கும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் குழந்தை வீட்டுக்கு ஓட வேண்டும். ஓடிய குழந்தை திரும்பி வரும் என்பது நிச்சயமில்லை.

எல்லாவற்றையும் சர்க்கார் கஜானாவிலிருந்தே சரிசெய்வதென்றால் தலைமுறைகள் ஆகியிருக்கும். ஆகவே பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்று ஒன்று தொடங்கிற்று. 1958 ஜனவரியில் அந்த இயக்கத்தின் முதல் மாநாடு இந்தக் கடம்பத்தூரில், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், நடைபெற்றது. (திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்.) பின்னர் சில வருஷங்களுக்குள் ராஜ்யம் முழுவதிலும் இத்தகைய மாநாடுகள் நூற்றுக்கு மேல் நடந்தன.

மாநாடு என்றவுடன் மாலையும் மைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். மாநாட்டுக்கு முன்பே உபாத்தியாயர்களும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, தங்கள் பாடசாலைக்கு இன்னின்ன வேண்டும் என்று ஜாபிதா தயாரிக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு, குழந்தைகளுக்குச் சீருடை, தண்ணீர்ப் பானை, கடிகாரம், பெஞ்சி, ஒரு கூடுதல் அறை என்று அந்த ஜாபிதா நீளும். இதில் ஊரார் எதை ஏற்கிறார்கள் என்பதைக் கேட்டு அறிந்து எழுத வேண்டும். பிறகு அந்த வட்டாரத்துப் பாடசாலைகள் பலவற்றின் ஜாபிதாக்களும் ஒரே பந்தலில் வெளியாகும்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் அந்த "ஒரே பந்தலில்" என்பதிலேதான் இருக்கிறது. ஓர் ஊர் தன் பாடசாலைக்கு என்ன வேண்டும் என்று தனியே யோசித்தால், அதன் யோசனை அந்த ஊர் எல்லையோடு நின்றுவிடும். பக்கத்து ஊரார் அறை கட்டித் தருகிறார்கள் என்று காதில் விழும்போது ரோஷம் பிறக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு பெஞ்சிகூட இல்லை என்று தெரியும்போது இரக்கம் பிறக்கிறது. ரோஷமும் இரக்கமும் சேர்ந்தால் நம் நாட்டில் ஆகாத காரியம் உண்டா? "ஊர் கூடித் தேர் இழு" என்று பெரியவர்கள் சொன்னார்கள். கடம்பத்தூரில் பல ஊர்கள் கூடின.

ஆனால் தேர்த் திருவிழாவுக்கும் பாடசாலைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தேர் வருஷத்தில் ஒரு நாள் நிலை சேர்ந்துவிடும். பாடசாலைத் தேரைத் தினந்தோறும் இழுக்க வேண்டும். பந்தலைப் பிரித்த பிறகு இந்த ஊர்கள் மறுபடி எங்கே, யார் அழைத்து, எதற்காகக் கூடுவது?

ஆற்றின் பாடம்

இந்தக் கேள்வியோடு நாம் கடம்பத்தூரிலிருந்து தென்மேற்கே சென்றோம். பேரம்பாக்கம் வழியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. பெயரைச் சொன்னால் சென்னை நேயர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். அதுதான் கூவம்! கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து வரும் இந்த நதி, இங்கே சாதாரணமான ஒரு கிராமத்து ஆறு. கோடையில் மணல், ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம். கரையில் கூவம் என்ற பெயருடனேயே ஓர் ஊரும், சம்பந்தர் பாடிய திருவிற்கோலமும் இருக்கின்றன. இங்கே யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லை.

சென்னையில் நாம் காணும் கூவத்தின் குற்றம் கூவத்தினுடையது அல்ல. வழியில் அவரவர் அதில் கலந்ததன் பலனைக் கடைசியில் இருக்கிறவர்கள் அநுபவிக்கிறோம்; மேலே இருக்கிறவர்களுக்குக் கீழே என்ன ஆயிற்று என்று தெரிவதில்லை. பாடசாலைகளின் கதையும் இதுவே அல்லவா?

ஒரு கிராமத்துக் குழந்தை ஐந்தாம் வகுப்பு வரை தன் ஊரில் படிக்கிறது. ஆறாம் வகுப்புக்கு இன்னோர் ஊர். ஒன்பதாம் வகுப்புக்கு மற்றோர் ஊராகவும் இருக்கலாம். குழந்தை ஒன்றுதான், பாடசாலை மூன்று. உயர்நிலைப் பள்ளி உபாத்தியாயர், "நடுநிலைப் பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தார்களோ?" என்று அலுத்துக்கொள்கிறார். நடுநிலைப் பள்ளியார் தொடக்கப் பள்ளியைக் குறை கூறுகிறார்கள். தொடக்கப் பள்ளியில் இருக்கும் இரண்டே உபாத்தியாயர்கள் ஐந்து வகுப்புக்களையும் கட்டி மேய்த்துக்கொண்டு, குறை கூற ஆள் கிடைக்காமல் விதியை நொந்துகொள்கிறார்கள். ஒருவரையொருவர் நேரில் கண்டு பேசினால் தீரக்கூடிய விஷயம், பேசாததனால் வருஷக்கணக்கில் புகாராகவே நிலைத்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழியைச் சொன்னது 1964-ல் நியமிக்கப்பட்டு 1966-ல் அறிக்கை தந்த கல்விக் கமிஷன். டாக்டர் தௌலத் சிங் கோத்தாரி அதன் தலைவர். பாடசாலைகளின் தனிமையே அவற்றின் பெரிய வியாதி என்பது கமிஷனின் கருத்து. ஆகவே, உயர் தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றையும் அதன் அக்கம்பக்கத்திலுள்ள சுமார் 10 தொடக்கப் பள்ளிகளோடு இணைக்க வேண்டும். அப்பள்ளிகளின் தலைமை உபாத்தியாயர்கள் ஒரு குழுவாகக் கூடி, எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகப் பாவித்துத் திட்டம் போட வேண்டும். அதற்கு மேலே, உயர்நிலைப் பள்ளித் தலைமை உபாத்தியாயரின் கீழ் இன்னொரு குழு அமைந்து அந்த வட்டாரம் முழுவதற்கும் ஆலோசனை கூற வேண்டும் என்று கமிஷன் யோசனை சொல்லிற்று. பள்ளிக்கூட்டு என்பது இதுதான்.

யோசனையில் அழகான அம்சங்கள் பல உண்டு. ஒரு பள்ளியிலுள்ள விஞ்ஞானக் கூடம் மற்றப் பள்ளிக் குழந்தைகளுக்கும் உதவலாம். புத்தகங்கள் பள்ளிக்குப் பள்ளி சுற்றி வரலாம். சிறிய பள்ளியில் ஓர் ஆசிரியர் லீவு போட்டால் வகுப்பைக் கவனிக்க, பெரிய பள்ளியில் ஒருவரைக் கூடுதலாக வைத்திருக்கலாம். இவையெல்லாவற்றையும்விட முக்கியமான அம்சம், மேலிடம் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை இந்தக் குழுக்களின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் பள்ளிக்கூட்டுக்களை வளர்க்க வேண்டும் என்றது. கொள்கைகள் ஒப்புக்கொண்ட விஷயம் கிராமத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் நம் விசாரணை.

சனிக்கிழமைக் கூட்டம்

தமிழ் நாட்டில் இந்தப் பணிக்கு இன்று இருப்பவை குறுவள மையங்கள். 2001-ல் தொடங்கிய அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டாரத்துக்கு ஒரு வள மையமும், அதன் கீழே சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு குறுவள மையமும் ஏற்பட்டன. அக்கம்பக்கத்து உபாத்தியாயர்கள் பெரும்பாலும் ஒரு சனிக்கிழமையில் அங்கே கூடுவார்கள். கூவம் கரையில் அத்தகைய கூட்டம் ஒன்றைக் காணும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. அங்கே எல்லோரும் மனம் விட்டுப் பேசியதனால் ஊரின் பெயரை மட்டும் சொல்லாமல் விடுகிறோம்.

ஒரு நடுநிலைப் பள்ளியின் வகுப்பறை. சுமார் இருபது பேர், குழந்தைகளின் பெஞ்சிகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் முக்கால் மணி நேரம் சுற்றறிக்கைகளுக்கு அர்ப்பணம். இன்ன தேதிக்குள் இன்ன விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இன்ன படிவத்தில் இன்ன கட்டம் விட்டுப் போயிருக்கிறது. ஒருவர் வாசித்தார்; மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். "இதற்குக் கூடுவானேன்? தபால் ஒன்று போதுமே!" என்று நாம் நினைக்கத் தொடங்கிய சமயத்தில், ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை எழுந்தார். அவர் கையில் நீல அட்டை போட்ட சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது.

தம் பள்ளியில் சென்ற வருஷம் ஐந்தாவது முடித்த பதினொரு குழந்தைகளின் பெயர்களை அதில் அவர் எழுதி வைத்திருந்தார். பெயருக்கு எதிரே, சேர்ந்த பள்ளியும் தேதியும். பத்துப் பெயர்களுக்கு எதிரே எழுத்து இருந்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை.

"கம்ப்யூட்டரிலே அவ பேரு சேராதவங்க பட்டியல்லே வந்திருக்கு ஸார். ஏன் சேரலைன்னு அதிலே கட்டம் இல்லை" என்றார் அந்த அம்மாள்.

காரணத்தைச் சொல்ல அப்பெண்ணின் தாயாரையே அவர் அழைத்து வந்திருந்தார். ஆற்றுக்கு அப்பால் இரண்டரை மைல்கூட இல்லை. இரண்டரை கிலோ மீட்டர்தான். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டிய விதிகள், நடுநிலைக் கல்விக்கு மூன்று கிலோ மீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. சட்டத்தின் கணக்கில் பள்ளி பக்கத்திலேதான் இருக்கிறது. ஆனால் தாயின் கணக்கு வேறு. நடுவே தரைப்பாலம் ஒன்று. இரு பக்கமும் சீமைக் கருவேலங்காடு. முன் வருஷங்களில் அந்தக் குக்கிராமத்திலிருந்து மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து போனார்கள். இந்த வருஷம் இவள் ஒருத்திதான்.

"கூட ஒரு ஆள் இருந்தா நான் ஏன் டீச்சர் அவளை நிறுத்தப் போறேன்?" என்றார் அந்தத் தாயார்.

அப்போதுதான் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை வாய் திறந்தார். அதே குக்கிராமத்திலிருந்து தம் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் மூன்று பெண்கள் வருகிறார்கள் என்றார். அப்படியானால் அவர்களோடு இவள் வரக் கூடாதா? காலையில் வரலாம், மாலையில்தான் சிக்கல். நடுநிலைப் பள்ளி 4 மணி 10 நிமிஷத்துக்கு விடுகிறது. உயர்நிலைப் பள்ளி 4 மணி 30 நிமிஷத்துக்கு. இடையில் இருபதே நிமிஷம்! ஒரு பெண்ணின் படிப்பு அந்த இருபது நிமிஷப் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

"அந்த இருபது நிமிஷம் நம்ம வாசிப்பு அறையிலே உட்காரட்டும். நான் இருக்கேன்" என்றார் நடுநிலைப் பள்ளியின் தமிழாசிரியர். "பெரிய பெண்கள் வந்து கூட்டிக்கொண்டு போவாங்க. நான் சொல்லி வைக்கிறேன்" என்றார் உயர்நிலைப் பள்ளி அம்மாள். திங்கட்கிழமை சேர்த்துக்கொள்வதாக முடிவாயிற்று. இதற்கு உத்தரவு தேவைப்படவில்லை, பணமும் தேவைப்படவில்லை. மூன்று பள்ளிகளும் ஒரு தாயாரும் ஓர் அறையில் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்தபடி பின்னக் கணக்கு வந்தது. ஆறாம் வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்குப் பின்னம் புரிவதில்லை என்று கணக்கு ஆசிரியர் குறைப்பட்டார். "மூணு வகுப்பை ஒரே அறையிலே வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை திருப்பிக் கேட்டார். சற்றுக் காரமாகவே பேச்சு நடந்தது. முடிவில், பதினைந்து நாளைக்கு ஒரு பிற்பகல் கணக்கு ஆசிரியரே அந்தப் பள்ளிக்குச் சென்று, அந்த அம்மாளோடு சேர்ந்து பாடம் நடத்துவதாக ஏற்பாடாயிற்று. ஆற்றின் கீழ்க் கோடியில் இருப்பவர், மேல் கோடிக்கு நடந்து போய்ப் பார்க்கச் சம்மதித்துவிட்டார்! சுற்றறிக்கைகள் முக்கால் மணி நேரத்தை விழுங்கின. இந்த இரண்டு நல்ல காரியங்களும் நாற்பது நிமிஷத்தில் முடிந்தன.

ஒரு பயமும் அதற்குப் பதிலும்

கூட்டம் கலைந்த பிறகு, ஒரு சிறு பள்ளியின் ஆசிரியர் நம்மோடு ஆற்றங்கரை வரை நடந்து வந்தார். அவருடைய பள்ளியில் குழந்தைகள் குறைவு. "பள்ளிகள் ஒன்று சேர்ந்து யோசிப்பது நல்லதுதானே?" என்று கேட்டோம். அவர் உடனே பதில் சொல்லவில்லை.

"யோசிக்கிறதுக்குச் சேர்க்கிறதுன்னு ஆரம்பிப்பாங்க ஸார். அப்புறம் பள்ளிக்கூடத்தையே சேர்த்துடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார் கடைசியாக.

இந்தப் பயம் அவர் ஒருவருடையது அல்ல. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் அதைச் சுற்றி 5 முதல் 10 கிலோ மீட்டருக்குள் அங்கன்வாடி உள்பட இருக்கும் கீழ்ப் பள்ளிகளையும் ஒரே கூட்டாக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷனின் யோசனையைப் புதுப்பித்தது. சிறு பள்ளிகளை மூட இது ஒரு வழியாகிவிடும் என்று பலர் ஆட்சேபித்தார்கள். தமிழ் நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் தனக்கென ஒரு கல்விக் கொள்கையை வெளியிட்டது. கொள்கைகளின் போரில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நாம் புறப்படவில்லை. ஆனால் அந்த ஆசிரியரின் பயத்துக்கு நியாயமான பதில் ஒன்று வேண்டும்.

நமக்குத் தோன்றும் பதில் இது. கூட்டாலோசனை என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். பெரிய பள்ளி திட்டம் போட, சிறிய பள்ளிகள் தலையாட்டுவது ஓர் அர்த்தம். அப்படிப்பட்ட குழுவில் இன்று தலையாட்டுகிற பள்ளி நாளைக்கு இல்லாமலே போய்விடலாம். பதினொரு குழந்தைகளின் பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் சிறிய பள்ளியின் ஆசிரியை பேச, பெரிய பள்ளி தன் மணியையும் தன் அறையையும் அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்வது இன்னோர் அர்த்தம். முதலாவது நிர்வாகம், இரண்டாவது அண்டை வீட்டு உறவு. எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு பரீட்சை போதும். அந்தக் கூட்டத்தில் முதலில் பேசியது யார், சுற்றறிக்கையா, நோட்டுப் புத்தகமா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

நேயர்களுக்கு ஒரு வார்த்தை

சட்டம் நமக்கு ஒரு சாவியைத் தந்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி சர்க்கார் பள்ளி ஒவ்வொன்றிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் அங்கத்தினர்களில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அந்தக் குழுவின் கடமை. தமிழ் நாட்டில் இக்குழுக்கள் 2022-ல் புதிதாக அமைக்கப்பட்டன. அவை தனித்தனியே தத்தம் பள்ளியின் சுற்றுச் சுவரைப் பற்றி மட்டும் யோசித்தால் போதாது. குழந்தை எந்தப் பள்ளியிலிருந்து வருகிறதோ, எந்தப் பள்ளிக்குப் போகிறதோ, அந்தப் பள்ளிகளின் குழுக்களும் சேர்ந்து வருஷத்துக்கு இரண்டு முறையாவது உட்கார்ந்து பேச வேண்டும். உபாத்தியாயர்களின் சனிக்கிழமைக் கூட்டத்தில் தாய்மார்களுக்கும் ஒரு பெஞ்சி போட வேண்டும்.

நம் நேயர்களில் பலர் தங்கள் குழந்தைகளை வேறு பள்ளிகளில் படிக்க வைக்கலாம். அதனால் பொதுப் பள்ளி அவர்களுக்கு அந்நியமாகிவிடாது. 1958-ல் கடம்பத்தூர்ப் பந்தலுக்கு நன்கொடை தந்தவர்கள், 'இதில் என் பேரன் படிக்கிறானா?' என்று கேட்டுக்கொண்டு தரவில்லை. இன்று நம்மிடம் பெஞ்சியும் கடிகாரமும் கேட்கிறவர்கள் குறைவு. ஒரு மாலை நேரம் கேட்கிறார்கள். கணக்கோ தமிழோ சொல்லிக் கொடுக்க ஒரு பிற்பகல் கேட்கிறார்கள். நம் தெருவில் ஐந்தாவது முடித்த குழந்தை ஆறாவதில் சேர்ந்ததா என்று விசாரிக்கும் அக்கறையைக் கேட்கிறார்கள்.

வருகிற ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போது, உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஐந்தாவது முடித்தவர்களின் பெயர்கள் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வாங்கிக் கொடுங்கள். அதிக விலை ஆகாது. இருந்தால், எந்தப் பெயருக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலி இடத்தை நிரப்பும் வேலையை ஒரு பள்ளியால் தனியாகச் செய்ய முடியாது. அண்டைப் பள்ளிகளும் அண்டை வீடுகளும் சேர்ந்தால் முடியும்.